ஓவியச் சிகிச்சைக்குப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

ஓவியச் சிகிச்சைக்குப் போகலாம் என்று முடிவெடுப்பது எளிது. யாரிடம் போவது, எவ்வளவு கொடுப்பது, என்ன கொண்டுபோவது என்று விசாரிக்கத் தொடங்கினால்தான் தலை சுற்றுகிறது. சென்னையில் நான் இதற்காக அலைந்தபோது ஓரிடத்தில் ஓவிய வகுப்பில் சேரச் சொன்னார்கள். வேறோரிடத்தில் வண்ணம் தீட்டும் புத்தகத்தைக் கையில் கொடுத்து, அதற்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள். மனம் ஏற்கெனவே சோர்ந்திருக்கும்போது இந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம் என்பதால் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த இடங்களும் விலைகளும் சென்னையைச் சேர்ந்தவை. மதுரையிலோ கோவையிலோ இருப்பவர்கள் கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்துப் படித்துக்கொள்ளலாம், நடைமுறை இதேதான்.

வரையத் தெரியாதே என்ற தயக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். உண்மையில் நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் இங்கே சிரமம். படம் அழகாக வர வேண்டும் என்று அவர்கள் கை தானாகத் திருத்தப் போய்விடும்.

1. உங்களுக்கு வேண்டியது சிகிச்சைதானா என்று பாருங்கள்

ஊரில் ‘ஆர்ட் தெரபி’ என்ற பெயரில் வெவ்வேறு சரக்குகள் விற்பனையாகின்றன. ஓவிய வகுப்பில் கற்றுக்கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பட்டறையில் நாலு பேருடன் உட்கார்ந்து மண்டலா எனும் வட்டக்கோலம் வரைந்து, தேநீர் குடித்துவிட்டு வரலாம். இரண்டும் நல்லவைதான், பொழுது இனிமையாகப் போகும். சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒருவர் உங்களோடு வாரம்தோறும் உட்கார்ந்திருப்பார். நீங்கள் வரைவதையும், வரையும்போது உங்களுக்கு என்ன ஆகிறது என்பதையும் கவனித்து, அதைப் பற்றி உங்களோடு பேசுவார். வேலைச் சுமையால் வெறும் அலுப்பு என்றால் வகுப்பே போதும், பணம் மிச்சம். துக்கம், மனதில் பட்ட பழைய அடி, பேச வாய் வராத ஒன்று, மாதக்கணக்கில் விடாத பதற்றம் என்றால் சிகிச்சையைத் தேடுங்கள்.

இதனால் என்ன பயன் என்று வீட்டில் கேட்பார்கள். சொல்ல ஒரு பதில் வைத்திருங்கள். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், 39 பேரைக் களிமண், மார்க்கர், ஒட்டுப்படம் என்று பிடித்ததை வைத்து 45 நிமிடம் எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரை எடுத்து, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் அளவைப் பார்த்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே வரைந்து பழகியவர்களா, புதியவர்களா என்பது பெரிதாக வித்தியாசம் காட்டவில்லை.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் மனச்சிதைவு நோய் உள்ள 417 பேரை வைத்து நடந்து 2012இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருத்துவத்தோடு குழு ஓவியச் சிகிச்சையும் பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேறவில்லை. அமர்வுகளுக்கு ஒழுங்காக வந்தவர்களே குறைவு. ஆகவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வண்ணப் பெட்டியை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. ‘மருந்தே வேண்டாம், நிறம் போதும்’ என்று சொல்பவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

2. அவசரம் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிடுங்கள்

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, பல நாள் தூக்கமே இல்லை, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, ஓவியச் சிகிச்சையாளரின் நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை இரவும் பகலும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. ஓவியம் அப்புறம்.

3. பெயர்ப்பலகையை விட்டு ஆளைச் சோதியுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். பிரிட்டனில் ஓவியச் சிகிச்சையாளர் என்ற பட்டத்தைச் சட்டம் காக்கிறது. சட்டப்படியான பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அப்படிப் போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் சான்றளிக்கத் தனி வாரியமே இருக்கிறது. இங்கே நடைமுறையில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். இரண்டு நாள் இணையவழிப் பயிற்சியின் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பவரும், வெளிநாட்டில் இரண்டு ஆண்டு முதுகலை முடித்துவிட்டு வந்தவரும் ஒரே தெருவில் ஒரே கட்டணம் வாங்குவார்கள்.

அதனால் மனநலப் படிப்பு என்ன என்று முதலில் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் (ஆர்.சி.ஐ.) பதிவு எண்ணைக் கேட்கலாம். குழுமத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளவும் முடியும். பதிவு எண்ணைக் கேட்டதற்கு முகம் சுளித்தால் அதுவே உங்களுக்கான பதில். ஆலோசனை உளவியலில் முதுகலை முடித்தவர்களுக்கு அந்த எண் இருக்காது. அதற்காக அவர்களை ஒதுக்கிவிட வேண்டியதில்லை, நல்லவர்கள் பலர் அங்கேயும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஓவியச் சிகிச்சைக்கென்று எங்கே, எத்தனை மாதம் படித்தீர்கள், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்கிறீர்களா என்று கேளுங்கள். மேற்பார்வை என்ற சொல்லே புரியாமல் விழித்தால் வேறு ஆள் பாருங்கள்.

அடுத்து மொழி. சென்னையின் தனியார் மையங்களில் பல சிகிச்சையாளர்கள் ஆங்கிலத்தில்தான் சரளம். வரைவதற்கு மொழி எதற்கு என்று தோன்றலாம். வரைந்து முடித்தபின் பேசத்தானே வேண்டும்? இறந்துபோன அம்மாவைப் பற்றி ஆங்கிலத்தில் அழ எனக்கு வராது. தமிழில் பேசுபவர்தான் வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஒரு பொறி, இதில் சிக்காதவர் குறைவு. உங்கள் படத்தைப் பார்த்தவுடன் ‘கறுப்பு அதிகம், உள்ளே மனச்சோர்வு. மரத்துக்கு வேர் இல்லை, பாதுகாப்பின்மை. வீட்டுக்கு ஜன்னல் இல்லை, யாரையும் நம்பமாட்டீர்கள்’ என்று அடுக்குபவர்கள் இருக்கிறார்கள். கேட்க மெய்சிலிர்க்கும். இது கிளி சீட்டு எடுத்துக் கொடுப்பதற்குச் சமம். கறுப்பு பேஸ்டல் வண்ணக்குச்சி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கலாம். உங்களுக்குக் கறுப்பு பிடித்திருக்கலாம். படத்தின் பொருளை வரைந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்பவரே தொழில் தெரிந்தவர்.

4. பணத்தையும் நேரத்தையும் தொலைபேசியிலேயே பேசி முடியுங்கள்

நான் விசாரித்த தனியார் மையங்களில் ஒரு அமர்வுக்கு 1,000 முதல் 2,500 ரூபாய் வரை சொன்னார்கள். அமர்வு என்பது 50 நிமிடமா, ஒரு மணி நேரமா என்று கேளுங்கள். குழு அமர்வுக்குக் கட்டணம் குறைவு. வண்ணம், தாள் செலவு அதற்குள் அடக்கமா, தனியா? முதல் சந்திப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா? வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும்? பெரும்பாலும் 24 மணி நேரம் கேட்பார்கள், தவறினால் முழுத் தொகையும் போகும்.

பத்து அமர்வுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் இரண்டு மூன்று அமர்வு முடியும்வரை கட்டாதீர்கள். ஆள் ஒத்துவராவிட்டால் பணத்துக்காகவே போய்க்கொண்டிருப்பீர்கள். என்னிடம் மொத்தத் தொகை வாங்கிய ஒரு மையம் பாதியில் சிகிச்சையாளரை மாற்றிவிட்டது, பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்தது. தருவோம் என்று அவர்கள் எழுத்தில் எங்கும் சொல்லவில்லை என்பதால் பேச இடமில்லாமல் போயிற்று.

கட்டணம் கட்டுப்படாதவர்கள் ‘குறைந்த கட்டண இடம் உண்டா’ என்று வெளிப்படையாகக் கேளுங்கள். சிலர் ஓரிரு இடங்களை அதற்கென்றே வைத்திருப்பார்கள், விளம்பரப்படுத்தமாட்டார்கள். பயிற்சி மாணவர்களிடம் போனாலும் செலவு குறையும். மேற்பார்வை இருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் ஓவியச் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மனநலப் பிரிவில் புறநோயாளியாகப் பதிந்து மருத்துவரைப் பார்த்தபின், வரைதலும் கைவேலையும் சேர்ந்த அமர்வுகள் அங்கே நடக்கின்றனவா என்று கேளுங்கள். காலையிலேயே போய்விட வேண்டும். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொள்வது நல்லது.

மருத்துவக் காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் நம்மில் பலர் வைத்திருக்கும் பாலிசி மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். வாரம் ஒரு மணி நேரம் போய் வருவது அதில் வராது. புறநோயாளிச் செலவும் அடங்கிய பாலிசி அலுவலகத்தில் கொடுத்திருந்தால், அமர்வு தொடங்கும் முன்பே மனிதவளத் துறையிடம் கேளுங்கள். மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் பெரும்பாலும் எதுவும் நகராது.

மாலை 6 மணிக்கு மேலும் சனிக்கிழமையும்தான் எல்லோருக்கும் வேண்டும். அந்த நேரங்களுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். காலை 11 மணி என்றால் அநேகமாக அடுத்த வாரமே கிடைக்கும்.

5. ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

பழைய மருந்துச் சீட்டுகள், மருத்துவமனையில் தங்கியிருந்தால் அதன் சுருக்க அறிக்கை, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும். தைராய்டு, சர்க்கரை போன்றவற்றின் அண்மை அறிக்கைகளையும் வையுங்கள். சோர்வுக்கு உடல் காரணம் உண்டா என்று மருத்துவர் பார்க்க விரும்புவார். அடையாள அட்டை நகல் ஒன்று. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண்ணைக் கேட்பார்கள். யாருடைய எண்ணைக் கொடுப்பது என்று வீட்டிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சிகிச்சைக்கு வருவது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே ஒப்புதல் படிவம் தருவார்கள். வரவேற்பறையில் நின்றபடி கையெழுத்துப் போடாதீர்கள். உட்கார்ந்து படியுங்கள். எந்தச் சூழ்நிலையில் உங்கள் ரகசியம் வெளியே சொல்லப்படும், உங்கள் ஓவியங்களைப் புகைப்படம் எடுப்பார்களா, ஆய்வுக்கோ பயிற்சிக்கோ பயன்படுத்துவார்களா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பயன்படுத்த விருப்பமில்லை என்றால் அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்திடுங்கள். படிவமே இல்லாத இடம் என்றால் யோசியுங்கள்.

6. பொருட்களுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள்

மையத்திலேயே எல்லாம் இருக்கும். இணையவழி அமர்வுக்கும் வீட்டில் செய்யச் சொல்வதற்கும் மட்டும் நீங்கள் வாங்க வேண்டும். 25 நிற எண்ணெய் பேஸ்டல் பெட்டி ஒன்று 100 ரூபாய்க்கு முன்பின், பென்சில்கள், பள்ளிக் குழந்தைகள் வாங்கும் நீர்வண்ணக் கட்டிகள், ஒரு தூரிகை. 500 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். தாள் மட்டும் கொஞ்சம் கனமாக இருக்கட்டும். ஜெராக்ஸ் தாளில் நீர்வண்ணம் பட்டால் சுருண்டு கிழியும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கனத் தாளை மொத்தமாக வாங்கினால் மலிவு. களிமண் வேண்டுமென்றால் கொசப்பேட்டையில் பொம்மை செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கைவினைக் கடைப் பொட்டலத்தைவிட நல்ல மண் கிடைக்கும். ஈரத்துணி சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

எந்தப் பொருளை எடுப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. பென்சில் சொன்னபடி கேட்கும். போட்ட இடத்தில் கோடு நிற்கும், அழிக்கலாம். நீர்வண்ணம் ஓடும், கலங்கும், நினைத்த இடத்தில் நிற்காது. உணர்ச்சியும் அதோடு சேர்ந்து ஓடுவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். அதனால் ஏற்கெனவே பதறிக்கொண்டிருப்பவரிடம் முதல் நாளே நீர்வண்ணத்தை நீட்டாமல் பென்சில், பேஸ்டல் என்று தொடங்குவார்கள். மாறாக, எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்து வைத்திருப்பவரை மெல்ல நீர்வண்ணத்துக்குக் கொண்டுபோவார்கள். களிமண் கைக்கு எதிர்த்து நிற்கும். அடிக்கலாம், பிசையலாம், பிய்க்கலாம். கோபத்துக்கு நல்ல துணை. வீட்டில் தனியாகச் செய்யும்போதும் இந்த வரிசையைப் பின்பற்றுங்கள். படம் உங்களை எங்கோ இழுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தால் நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து, தண்ணீர் குடித்து, யாரிடமாவது பேசுங்கள். பழைய கொடுமை ஒன்றை வீட்டில் தனியே உட்கார்ந்து வரைய வேண்டாம். அது அமர்வுக்கு உரியது.

7. முதல் அமர்வில் ஏமாற்றமடையாதீர்கள்

முதல் நாள் வரையவே விடாமல் போகலாம். குடும்பம், உடல்நலம், தூக்கம், வேலை என்று கேள்விகள்தான். தேவையான கேள்விகள், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாளிலிருந்து ஒரு வடிவம் பிடிபடும். பத்து நிமிடம் அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று பேச்சு, அரை மணி நேரம் வரைதல், மிச்ச நேரம் படத்தைப் பார்த்துப் பேசுதல்.

பேசுதல் என்றால் எப்படி? ஒருநாள் அலுவலகத்தில் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். சிகிச்சையாளர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘அதற்கு ஒரு நிறம் எடுங்கள்’ என்றார். அரக்கு நிறப் பேஸ்டலை எடுத்துத் தாளின் இடது மூலையில் தேய்க்கத் தொடங்கினேன். தேய்க்கத் தேய்க்க மெழுகு ஏறி, அதற்குமேல் நிறம் பிடிக்காமல் வழுக்கியது. குச்சி ஒடிந்து, துண்டு நாற்காலிக்கு அடியில் உருண்டது. ஏன் இவ்வளவு கோபம் என்று அவர் கேட்கவில்லை. ‘தாளில் இவ்வளவு இடம் இருக்கிறதே, அது ஏன் இந்த மூலையிலேயே நின்றுவிட்டது?’ என்றார். சத்தம் போட்டால் அடி விழும் வீட்டில் வளர்ந்தவர் கோபத்தை மூலையில்தான் வைத்துக்கொள்வார் என்று சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது. வாயால் மட்டும் பேசியிருந்தால் அன்று மேலாளரைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். தாளில் வந்துவிட்டால் அதைத் தள்ளி வைத்துப் பார்க்கலாம், திருப்பலாம், மேலே இன்னொரு நிறம் பூசலாம். உள்ளே இருக்கும்வரை இதில் எதையும் செய்ய முடியாது.

சில சில்லறை விஷயங்கள். பழைய பருத்திச் சட்டை போட்டுப் போங்கள், பேஸ்டல் கறை வெள்ளைத் துணியில் எளிதில் போகாது. அமர்வு முடிந்தவுடன் அலுவலகக் கூட்டம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று மாலை மனம் கனத்துக் கிடப்பது பலருக்கும் நடக்கிறது. அது இரண்டு மூன்று நாள் நீடித்தால் அடுத்த வாரம்வரை காத்திருக்காமல் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள்.

இணையவழி அமர்வு என்றால் கேமரா உங்கள் முகத்தோடு தாளையும் காட்ட வேண்டும். அதை அமர்வுக்குப் பத்து நிமிடம் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். மின்விசிறியைக் குறையுங்கள், தாள் பறக்கும். கதவைத் தாழிட முடியாத வீட்டில் இணையவழி அமர்வு சரிப்படாது. நடுவில் எட்டிப் பார்த்து ‘இது என்ன, யானையா?’ என்று கேட்க நம் வீடுகளில் யாராவது ஒருவர் நிச்சயம் இருப்பார்.

8. படங்கள் யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள்

இதைப் பலரும் கேட்பதில்லை. சிகிச்சை நடக்கும்வரை படங்களை மையத்திலேயே பூட்டி வைப்பது பொது வழக்கம். முடியும்போது உங்களிடம் தர வேண்டும். எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், யார் யார் பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பச் சொன்னால் எங்கே சேமிப்பார்கள் என்றும் கேளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையும் அதில் உண்டு.

கண்காட்சி வைக்கிறோம், பெயர் போடமாட்டோம் என்று சில மையங்கள் கேட்கும். விருப்பமிருந்தால் சரி என்று சொல்லலாம். ஆனால் அமர்வு முடிந்து கண் கலங்கியிருக்கும்போது எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வாரம் கழித்துப் பதில் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் படத்தை நீங்களே சமூக ஊடகத்தில் போடுவதையும் சிகிச்சை முடியும்வரை தள்ளி வையுங்கள். விருப்பக்குறிகளை எண்ணத் தொடங்கிவிட்டால் அடுத்த படம் அவற்றைப் போடுபவர்களுக்காக வரையப்படும்.

9. குழந்தைக்கு என்றால்

மேலே சொன்ன கோப்போடு பிறப்புச் சான்றிதழ் நகல், பள்ளி அறிக்கை, ஆசிரியரின் குறிப்பு, ஏற்கெனவே மதிப்பீடு நடந்திருந்தால் அதன் நகல், மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் அது. பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். தாயும் தந்தையும் பிரிந்திருந்தால் யார் கையெழுத்து வேண்டும் என்று முன்பே கேளுங்கள். பல குறைபாடுகள் சேர்ந்துள்ள குழந்தைகளுக்குச் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. முதலில் அங்கே முழு மதிப்பீடு செய்துகொள்வது நல்லது.

அமர்வு முடிந்து வெளியே வரும் குழந்தையிடம் ‘என்ன வரைந்தாய், காட்டு’ என்று பாயாதீர்கள். காட்டினால் பாருங்கள். ‘அழகாக இருக்கிறது’ என்றுகூடச் சொல்ல வேண்டாம், அடுத்த முறை அழகுக்காக வரையும். ‘இந்த இடத்தில் நிறைய நீலம் போட்டிருக்கிறாயே’ என்றால் போதும், மிச்சத்தை அது சொல்லும். உறவினர் வரும்போது படத்தை எடுத்துக் காட்டிப் பெருமைப்படவோ, ‘பாருங்கள், என்னை எப்படி வரைந்திருக்கிறான்’ என்று புலம்பவோ கூடாது.

10. எப்போது நிறுத்துவது

தொடங்கும்போதே ஒரு மறுபரிசீலனைத் தேதி வைத்துக்கொள்ளுங்கள். எட்டு அல்லது பத்து வாரம் கழித்து என்று வைக்கலாம். என்ன மாற வேண்டும் என்று வந்தீர்களோ அதை முதல் வாரமே ஒரு வரியில் எழுதி வையுங்கள். ‘இரவு இரண்டு மணிக்கு விழிப்பது நிற்க வேண்டும்’, ‘அப்பாவின் அறைக்குள் போக முடிய வேண்டும்’ என்பதுபோல. அந்தத் தேதியில் முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை தரையில் வரிசையாகப் பரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல சிகிச்சையாளர் அதைத் தானாகவே செய்வார்.

ஒன்றுமே நகரவில்லை என்றால் சொல்லிவிட்டு மாறுங்கள். குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் காணாமல் போகாமல், முடிப்பதற்கென்று ஒரு அமர்வு கேளுங்கள். அன்று படங்களையும், அடுத்தவரிடம் காட்ட ஒரு சுருக்கக் கடிதத்தையும், எல்லா ரசீதுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். சுருக்கக் கடிதத்துக்குச் சில இடங்களில் தனிக் கட்டணம் உண்டு; எழுதித் தரவும் நாளாகும் என்பதால் கடைசி அமர்வுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.